மாலை போட்ட மோட்டார்

சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்காவிலிருந்த துரைகள் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்த வருஷம் அது. துரை வீட்டுச் சாமான் என்றால் ஓட்டை வாளியைக்கூடத் தூக்கிவந்து பெருமை பேசும் ஆண்கள் எங்கள் கஜா பேராங் வட்டாரத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். என் வீட்டுக்காரரும் அவருடைய ஆபிஸ் நண்பரும் தூக்கிவந்தது படகுக்குப் போடும் மின்சார மோட்டார்.

படகு என்றால் தெங்கேராக் கடற்கரையில் கட்டிக் கிடந்த ஒரு சின்னச் சம்பான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் துடுப்பைத் தூக்கிக்கொண்டு போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் வருவார். அவர் பிடித்து வரும் மீன் பூனைக்கும் காணாது. பசாரில் நல்ல மீன் கிடைத்ததால் அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எனக்கு வேண்டியது அந்த ஞாயிறு காலை. பாயை விரித்துப் போட்டு, வாரப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பேன். பாதியில் தூங்கியும் போவேன். அவர் வீட்டில் இருந்தால் தோளில் கிடக்கும் துண்டை எங்கே என்று என்னிடம் கேட்பார். வாரத்தில் அந்த ஒரு காலைதான் என்னை யாரும் கூப்பிடாத காலை.

அந்த வருஷம் சைக்கிளிலிருந்து விழுந்து தோள்பட்டையைக் கெடுத்துக்கொண்டார். துடுப்புப் போடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகை விற்றுவிட வேண்டியதுதான் என்று அவர் முனகியபோது எனக்குப் பகீரென்றது. மோட்டார் வாங்கிப் போடுங்கள் என்று முதலில் சொன்னதே நான்தான். அதற்குப் பிறகு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தேர்ந்தெடுக்கும் வேலையை நண்பர் எடுத்துக்கொண்டார். யாரோ லாரியைப் பழுது பார்த்தபோது பக்கத்தில் நின்று டார்ச் அடித்தவர், அதனால் இயந்திரம் என்றால் அவர்தான். என் மேசையில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்துக்கொண்டு இரண்டு பேரும் வாரக்கணக்கில் பேசினார்கள். சீனர் கடையிலிருந்த பெட்ரோல் மோட்டாரைக் கயிறு இழுத்துத்தான் கிளப்ப வேண்டும், தோள் தாங்காது. அது நியாயம்தான். அவர்கள் பேசியதில் நியாயமாக இருந்தது அது ஒன்றுதான்.

"துரை எஸ்டேட் குளத்துல ஓட்டினது, அண்ணி. கார் பேட்டரி போதும், சத்தமே வராது. பகுஸ் சாமான், முதல்தரம்" என்றார் நண்பர்.

"குளத்துல ஓடினது கடலுக்கு ஆகுமா, தம்பி?"

"தண்ணி தண்ணிதானே, அண்ணி."

என் வீட்டுக்காரர் அதைப் பெரிய ஞானம்போல் கேட்டுத் தலையாட்டினார்.

முதல் ஞாயிறு கரையில் மோட்டாருக்குப் பூஜை. சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் உண்டு. கோயில் வாசலில் வாங்கிய செவ்வந்தி மாலை வழியிலேயே அறுந்துபோனதாம். நண்பர் அதை மீன்பிடிக்கும் நைலான் கயிற்றில் மறுபடி கோத்திருந்தார். எந்தக் காற்றுக்கும் இனி அறாது என்று பீற்றிக்கொண்டார். மோட்டாரின் தலையில் மாட்டிய மாலை தண்டு நெடுக வழிந்து, தண்ணீரைத் தள்ளும் விசிறி வரைக்கும் தொங்கியது.

"தண்ணியில இறக்கறதுக்கு முன்னாடி மாலையக் கழட்டிடுங்க" என்றேன்.

"சாமி பேரைச் சொல்லிப் போட்டது. வாடறதுக்கு முன்னாடி கழட்டினா ஆகாது, அண்ணி."

"துடுப்பாவது எடுத்துக்கிட்டுப் போங்க."

இதற்கு என் வீட்டுக்காரரே பதில் சொன்னார். "மோட்டார் போட்ட படகுல துடுப்பு இருந்தா பாக்கிறவன் சிரிப்பான்."

துடுப்பு கரையில் கிடந்தது. படகு சத்தமில்லாமல் போனது உண்மை. பாயை விரிக்கும் ஆசையில் நான் திரும்பி நடக்கப் போனேன். அதற்குள் படகு நின்றுவிட்டது. மாலையை விசிறி இழுத்துச் சுற்றிக்கொண்டது. பூவெல்லாம் உதிர்ந்து மிதந்தது, கயிறு மட்டும் சொன்னபடியே அறவில்லை. புத்தியுள்ளவன் சுவிட்சை அணைப்பான். நண்பர் அணைக்காமல் அழுத்திக்கொண்டே இருந்ததில் மோட்டார் கருகிப் புகை வந்தது. கடல் நீர் வற்றி இறங்கும் நேரம் வேறு. செவ்வந்திப் பூக்களும் இரண்டு மேதாவிகளும் கிளேபாங் பக்கமாக ஒதுங்கிப் போவதைக் கரையிலிருந்த எல்லாரும் பார்த்தோம்.

ஒரு மலாய் மீனவர் போய்க் கட்டி இழுத்துவந்தார். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "டாயோங் மானா?" துடுப்பு எங்கே என்று அர்த்தம். அன்றிலிருந்து தெங்கேராவில் என் வீட்டுக்காரரைக் கண்டவர்கள் எல்லாரும் அதையே கேட்டார்கள். மனுஷருக்குத் தாங்கவில்லை. படகை அந்த மீனவருக்கே விற்றுவிட்டார்.

ஊரெல்லாம் கொடி கட்டி சுதந்திரம் கொண்டாடிய வாரத்து ஞாயிறு, நான் பாயை எடுத்தேன். கூடத்தில் நண்பரோடு உட்கார்ந்து அடுத்து என்ன வாங்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தவர், துண்டு எங்கே என்று கூப்பிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த மோட்டார் உண்மையில் யாருக்குத் தேவையாக இருந்தது என்று அந்த இரண்டு பேருக்கும் கடைசிவரை தெரியாது. நான் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.