முத்தாத கிழங்கு

வெட்டிய உருளைக்கிழங்கில் சாம்பல் பூசும்போது விரல்நுனியில் ஒட்டும் அந்த ஈரமான கரகரப்பு இன்றைக்கும் எனக்கு ஞாபகமிருக்கிறது. ஜெர்மனியின் எசன் நகருக்கு வெளியே, எங்கள் அகதி விடுதியின் பின்பக்கம், குப்பைத்தொட்டிகளுக்கும் வேலிக்கும் நடுவில் கிடந்த துண்டு நிலத்தில் அப்பா கிழங்கு வைத்தார். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் செய்த அதே முறைதான்: துண்டுக்கு இரண்டு ‘முளைக்கண்’ விட்டு வெட்டி, விடுதிக் காவலாளி தந்த அடுப்புச் சாம்பலில் புரட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, வரம்பு கட்டி நட்டு, செடி ஒரு சாண் வளர்ந்ததும் ‘மண் அணைத்து’ விடுவார். வேலை செய்ய அனுமதியில்லாத மனிதருக்கு அந்த ஏழு வரம்புகள்தான் உத்தியோகம். “இஞ்சாருங்கோ, அந்தக் கவனிப்பிலை பாதி எனக்குக் கிடைச்சிருந்தால் நான் எப்பவோ கொழுத்திருப்பன்” என்பார் அம்மா.

செடி பூத்த நேரம் கடிதம் வந்தது. ஐந்து நாளில் வேறு நகரத்து விடுதிக்குப் போகவேண்டுமாம். வீட்டில் ஜெர்மன் தெரிந்தவள் எட்டு வயது நான் ஒருத்திதான் என்பதால் அப்பா என்னை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். “கிழங்கு முத்த இன்னும் மூண்டு கிழமை வேணும், அதுவரைக்கும் எங்களை விடச் சொல்லிக் கேள் பிள்ளை” என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கிழங்குக்காக யாராவது கெஞ்சுவார்களா? அப்பா நன்றி சொல்கிறார் என்று மட்டும் மேசைக்குப் பின்னால் இருந்த அம்மையாரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

“என்னவாம்?”

“ஏலாதாம்.”

அன்று பின்னேரமே அப்பா வரம்புகளைக் கிண்டினார். கோலிக்குண்டு அளவில் கொஞ்சம் கிடைத்தது. அம்மா தோலோடு பொரித்தார். அப்பா வாயில் வைக்கவில்லை. பாவி நான், இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றேன்.

இத்தனை வருடங்களில் அந்த விடுதியை இடித்து வாகனத் தரிப்பிடமாக்கிவிட்டார்கள். அப்பா அதற்குப் பிறகு மண்வெட்டியைத் தொடவேயில்லை. வேலை, பிள்ளைகள், டாக்டரிடமும் அலுவலகங்களிலும் நேரம் குறித்த டெர்மின் என்று ஓடிக் களைத்த எனக்கு இதெல்லாம் தேவையா என்று கணவர் அலுத்துக்கொள்ள, இந்த வசந்தத்தில் ஒரு தோட்டத்துண்டை வாடகைக்கு எடுத்தேன். கிழங்கு வைக்க வாருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் ஒப்பந்தத் தாளை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“முத்தும் வரைக்கும் விடுவாங்களோ எண்டு வடிவாக் கேட்டனியோ?”

அன்றைக்கு நான் கேட்கவேயில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

“ஓம் அப்பா, கேட்டனான்” என்றேன்.