செத்தவர் மோர் குடித்த கதை

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் செங்கல்பட்டில் குடியிருந்தேன். வேலை மாமல்லபுரத்தில், ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக ஒரு பஸ், சாயங்காலம் அதே வழியில் திரும்ப ஒரு பஸ். அந்த வருஷம் ஐப்பசி மழையில் என் கணவர் இறந்துபோனார். பள்ளிக்கூட வாத்தியார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. ஊருக்கெல்லாம் ஊசி போட்டவளால் அவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

சடங்கெல்லாம் முடிந்து வேலைக்குப் போய்விட்டேன். அழவில்லை. அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே! தூங்கினாலும் தீராத அசதி. பஸ்ஸில் உட்கார்ந்தால் இறங்கத் தோன்றாது, வீட்டில் படுத்தால் எழுந்திருக்கத் தோன்றாது. யார் என்ன கேட்டாலும் "சரி" என்று சொல்லிவிடுவேன். மறுத்துப் பேச நாலு வார்த்தை கூடுதலாக வேண்டுமே என்றுதான்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நானும் மாமியாரும்தான். அத்தை செய்யூர் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு, மகனை வாத்தியாராக்கியவர். மகன் போன பிறகு அவரிடம் ஒரு பழக்கம் வந்தது. நான் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், "அவன் வர நேரமாச்சே, ரசத்த சுட வெக்கட்டா?" என்பார். கிணற்றடியில் மகனுடைய துண்டு தினமும் தொங்கும். அடக்கம் செய்த இடத்தில் மண்ணில் விழுந்து புரண்டவர்தான் அவரும். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய்விடுவேன். நாளெல்லாம் பிரசவ அலறலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு இதையும் தாங்க முடியவில்லை.

ஊரப்பாக்கத்தில் இருந்த என் கணவரின் அண்ணன் ஒருநாள் வந்து இதைப் பார்த்துவிட்டார். "அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சும்மா. பட்டணத்துல அதுக்குன்னு ஆஸ்பத்திரி கீது, சேத்துடலாம். நீ நர்சு, கூட வந்து சொன்னா டாக்டருங்க கேப்பாங்க" என்றார். அந்த மாதிரி வார்டுகளை நான் பயிற்சியின்போது பார்த்திருக்கிறேன். கொண்டுவந்து சேர்ப்பவர்கள் உண்டு, திரும்பக் கூட்டிப்போக வருகிறவர்கள் குறைவு. தெரிந்தும், வழக்கம்போல "சரி" என்றேன். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை என்று பேசி முடித்தோம்.

எங்கள் தெருவுக்கு வாடகைப் புத்தகக்காரர் ஒருவர் சைக்கிளில் வருவார். வாரப் பத்திரிகைகள் வீடு வீடாகப் போய்ச் சுற்றி வந்தபின், அதிலிருக்கும் தொடர்கதையைக் கிழித்து எடுத்து, ஊசி நூலால் தைத்து, பழுப்பு அட்டை போட்டுப் புத்தகமாக்கி வாடகைக்கு விடுவார். தொடர்கதை என்றால் எனக்கு உயிர். கணவர் போனபின் ஒன்றையும் தொடவில்லை. ஒருநாள் புத்தகக்காரர் தானாகவே ஒன்றை நீட்டினார். "எடுத்துகினு போங்க நர்சம்மா. எந்த வூட்டுப் புள்ளிங்களோ படத்தையெல்லாம் கத்திரிச்சிகிச்சுங்க, கண்டுக்காதீங்க." வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லை.

மறுநாள் பஸ்ஸில் பிரித்தேன். ஒவ்வொரு பகுதியிலும் முதல் பக்கத்துப் படத்தை வெட்டியதில் தலைப்பு, அத்தியாய எண் எல்லாம் போயிருந்தது. பின்பக்கத்தில் பாதி வாக்கியங்கள் அந்தரத்தில் நின்றன. எடுத்த எடுப்பில் ஒரு குடும்பத் தலைவர் கூடத்தில் பிணமாகக் கிடக்கிறார். மகன் கொள்ளி வைக்கிறான். தொடரும். பக்கத்தைப் புரட்டினால் அதே மனிதர் பலாப்பழத்தோடு வீட்டுக்குள் வந்து, குழம்பில் உப்பில்லை என்று மனைவியிடம் எகிறுகிறார்! அடுத்ததில் அவள் வெறும் நெற்றியோடு உட்கார்ந்திருக்கிறாள். அதற்கடுத்து இருவருக்கும் கல்யாணம். பிறகு அவருக்குப் பதினாறாம் நாள். அது முடிந்ததும் அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி வீடெல்லாம் அலைகிறார். கதையில் ஒருவருமே அவரைப் பார்த்துத் திடுக்கிடவில்லை.

இதென்னடா கூத்து என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு கணவர் ஞாபகம் வந்தது. ஊரில் வேறு யாரும் படிக்காத ஒல்லிப் பத்திரிகைகளைத் தபாலில் வரவழைத்துப் படிப்பார் அவர். அதில் வரும் கதைகளில் மரம் பேசும், நேற்று நாளைக்கு வரும். "தலையும் இல்ல, வாலும் இல்ல, இதுக்குப் பேரு கதையா?" என்று கிண்டல் செய்வேன். "மனசு இன்னா வரிசையாவா நெனைக்குது?" என்பார். ஓகோ, இது அந்த மாதிரிப் புது எழுத்து போலிருக்கிறது, வாரப் பத்திரிகையிலும் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இருந்தபோது கொடுக்காத மரியாதையோடு படித்தேன்.

அந்த வாரக் கடைசியில், சாயங்கால பஸ்ஸில் படிக்கும்போது, அந்தப் பக்கம் வந்தது. காரியமெல்லாம் முடிந்த வீடு. வெயிலில் நடந்து வந்து அந்தக் குடும்பத் தலைவர் வாசற்படியில் உட்கார்கிறார். மனைவி, "மோர் கரைச்சு வெச்சிருக்கேன், குடிங்க" என்கிறாள். அவர் குடித்துவிட்டு, "இஞ்சி கொஞ்சம் தூக்கல்" என்கிறார். அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு கேவல். நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் மீன் கூடையோடு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். என்னிடம் பிரசவம் பார்த்துக்கொண்டவர்.

"இன்னா நர்சம்மா, பொஸ்தவத்துல யாராச்சும் பூட்டாங்களா?"

"இல்ல. பூட்டவரு திரும்பி வந்துட்டாரு."

"அடி ஆத்தீ! வந்தா சிரிக்கணும். அதுக்குப் போயி இந்த அழுவ அழுவுற?" என்று தன் முந்தானையாலேயே என் முகத்தைத் துடைத்துவிட்டார். ஒரே மீன் வாடை. இருந்தும் அந்தத் தோளிலேயே செங்கல்பட்டு வரை சாய்ந்து வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை வழக்கம்போலக் கேட்டார். "அவன் வர நேரமாச்சே, ரசத்த சுட வெக்கட்டா?"

"வெய்யுங்க அத்தே. அவருக்கு ஆறின ரசம் எறங்காது" என்றேன்.

அத்தை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியாதாம்மா அவன் வரமாட்டான்னு? என் கையால மண்ணு போட்டுட்டு வந்தவ நானு. நீயும் அவன் பேச்ச எடுக்க மாட்டேன்ற, வரவங்களும் எடுக்க மாட்டேன்றாங்க. நானும் வாய மூடிகினா, அப்பிடி ஒருத்தன் இந்த வூட்ல இருந்தானான்னு ஆயிடும்ல? அதான் கேட்டுகினே இருந்தேன். நீ என்னிக்காச்சும் ஒரு பதில் சொல்லுவன்னு."

அன்று இரண்டு பேரும் அவரைப் பற்றியே பேசினோம். அவர் குறட்டை, கோபம், சின்ன வயதில் பம்பு செட்டில் குளித்துவிட்டு அடி வாங்கியது எல்லாம். எனக்கு வயிறார சாப்பிட முடிந்தது.

பேசி வைத்த ஞாயிற்றுக்கிழமை கணவரின் அண்ணன், அம்மாவின் துணிமணிகளை எடுத்து வைக்க ஒரு பையோடு வந்து நின்றார். "மாமா, நான் வரல. அத்தையையும் அனுப்ப மாட்டேன். அவங்களுக்கு ஒண்ணுமில்ல" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்தவனுக்கு ரசம் சுட வெக்கறது ஒண்ணுமில்லையா? உனுக்கும் புத்தி கெட்டுப்போச்சா?" என்று அவர் கத்திக்கொண்டிருக்கும்போதே வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

புத்தகக்காரர்தான். "நர்சம்மா, அந்தப் பொஸ்தவத்தக் குடுத்துடுங்க. பிரிச்சித் தெச்சித் தரேன். இதுக்கு முன்னால எடுத்த வூட்ல இன்னிக்கிப் புடிச்சிகினாங்க, செத்தவன் வந்துகினே கீறான்னு ஒரே பேஜாரு. பக்கமெல்லாம் முன்ன பின்ன மாத்தித் தெச்சிட்டேன்."

புது எழுத்தாவது, மண்ணாவது! "எப்பிடிண்ணே மாறிச்சு?" என்று கேட்டேன்.

"நம்பரு இருக்கற எடமெல்லாம் கத்திரிச்சிட்டாங்களே. எனக்குக் கதை தெரியாதும்மா, நான் படிக்கறதில்ல. என் வூட்டுக்காரிதான் வாராவாரம் படிச்சிட்டு, வரிசையா அடுக்கிக் குடுப்பா, நான் தெப்பேன். அவ கார்த்திகைல பூட்டா. இது நானே அடுக்கினது." தலையைக் குனிந்துகொண்டார். "உங்க வூட்டு துக்கத்துல நம்ம துக்கத்த இன்னாத்துக்கு சொல்றதுன்னு சொல்லல."

உள்ளிருந்து அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் நீட்டினார். "உன் பொண்டாட்டி பேரு இன்னாப்பா?"

அவர் தயங்கி, சொன்னார்.

"அந்தப் பொண்ணு எந்தக் கொழம்பு நல்லா வெக்கும்?"

"கருவாட்டுக் கொழம்பும்மா..." என்று ஆரம்பித்தவர், தோள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அத்தை அவசரப்படுத்தவில்லை. அவர் எதிரிலேயே தரையில் உட்கார்ந்து, அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, வெயில் ஏறும்வரை மனைவியைப் பற்றியே பேசினார். இத்தனை நாளில் அவளைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கதாம்மா என்றார்.

அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஆஸ்பத்திரிப் பேச்சை மறுபடி எடுக்கவே இல்லை. கிளம்பும்போது, "தம்பி சட்ட ஒண்ணு இருந்தா குடும்மா" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அம்மாவின் துணிக்காகக் கொண்டுவந்த பையில் அதை மடித்து வைத்துக்கொண்டு போனார்.

அந்த நாவலுக்குச் சரியான வரிசையை நானே ஊகித்துச் சொன்னேன். புத்தகக்காரர் திருத்தித் தைத்துக் கொடுத்தார். மறுபடி படித்துப் பார்த்தேன். சாதாரணக் குடும்பக் கதை, கடைசியில் குடும்பத் தலைவர் செத்துப்போகிறார், எல்லோரும் அழுகிறார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அத்தை அதற்குப் பிறகு பல வருஷம் என்னோடுதான் இருந்தார். இன்றைக்கும் துக்கம் விசாரிக்கப் போனால், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, போனவர் பெயரைச் சொல்லி, அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்றுதான் கேட்கிறேன்.