தையல் நிலையத்தில் நண்டுகள்

அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலை என்பது அரசாங்கச் சம்பளத்தில் கனவு காண்கிற வேலை. கனவைப் படிவத்தில் எழுதி மூன்று பிரதி எடுக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். பிரதேச செயலகத்து வாங்கில் ஒரு கையெழுத்துக்காக அரைநாள் உட்கார்ந்து கால் விறைத்த அன்பர்களே, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவளும் விறைத்துப்போய்த்தான் இருந்தாள் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

நான் வலிகாமத்து வெங்காயத் தோட்டக்காரரின் மகள். சுத்த சைவம். எனக்குக் கிடைத்த பிரிவோ யாழ்ப்பாணம் குருநகருக்கு அங்கால், கடல்நீரேரிக் கரையில் நண்டு பிடிக்கிற ஒரு சின்ன ஊர். தினமும் ஸ்கூட்டியில் கரை வீதியால் போவேன். காலையில் நீரேரி அசையாது. வானம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. முழங்காலளவு நீரில் வலையோடு போகிறவர் வானத்தில் நடப்பதுபோல இருக்கும். அந்த வெளிச்சத்தில் எந்தத் திட்டமும் நடந்துவிடும் என்றுதான் எனக்குத் தோன்றும். பிறகு வந்த வில்லங்கம் எல்லாவற்றுக்கும் அந்த வெளிச்சமும் ஒரு காரணம்.

பத்து மணிக் கூட்டம்

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊர்ப் பெண்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுதி அனுப்பச் சொன்னார்கள். கோவிலடி மண்டபத்தில் காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்தேன். பதினைந்து பேர் முழுகி, பவுடர் பூசி, நேரத்துக்கு வந்தார்கள். "தையல்" என்றார் ஒருவர். மற்றவர்கள் கை உயர்த்தினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே கனவு தொடங்கிவிட்டது. தையல் மெசின்கள் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன, தகரத்தில் மழை விழுகிற மாதிரிச் சத்தம், யன்னலுக்கு வெளியே நீரேரி. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் திட்ட அறிக்கையை எழுதி முடித்தேன்.

கட்டடம் பாதி எழும்பியபோது, ஒருநாள் அதே பத்து மணிக்குக் கரைப்பக்கம் போனேன். முப்பது பெண்கள் வெறும் மணலில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தார்கள். படகுகள் விடியற்காலையில் வந்து சேரும். அதன் பிறகு மத்தியானம் வரை இவர்களுக்கு நிமிர நேரமில்லை. ஊரின் உழைப்பு முழுவதும் அங்கே இருந்தது. என் கூட்டத்துக்கு வந்தவர்கள், அந்த நேரத்தில் வேலை இல்லாதவர்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை மறைக்க, "நீங்கள் ஏன் கூட்டத்துக்கு வரேல்லை?" என்று அதட்டலாகக் கேட்டேன். விரலெல்லாம் நண்டு கீறிய தழும்போடு முன்னால் இருந்த ஜசிந்தா அக்கா வலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நீங்கள் கை உயர்த்தச் சொன்ன நேரம், மிஸ், எங்கடை கை வலைக்குள்ளை கிடந்தது."

திறக்காத அழகு

கட்டடம் என்னவோ அழகாகத்தான் வந்தது. வெள்ளை மாபிள் பதித்த தரை, பெரிய யன்னல்கள், குழாய்த் தண்ணீர், பன்னிரண்டு மெசின்கள். திறப்பு விழாவில் எனக்கும் ஒரு மாலை விழுந்தது. முதல் மாதம் எட்டுப் பேர் பழக வந்தார்கள். கை உயர்த்தியவர்களில் ஒருவர் கனடாவுக்குப் போனார். இன்னொருவருக்குக் கல்யாணம் சரிவந்தது. மூன்றாம் மாதம் தையல் ஆசிரியை தனியே இருந்து தன் சட்டையைத் தைத்து முடித்தார். பிறகு அவரும் மாற்றலாகிப் போனார். கதவைப் பூட்டிய திறப்பு என் மேசை லாச்சிக்குள் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு மாதம் ஒருமுறை போய் யன்னலால் எட்டிப் பார்ப்பேன். மெசின்கள் வெள்ளைத் துணி போர்த்தபடி, தேவாலயத்தில் முதல் நன்மை வாங்க வந்த பிள்ளைகள் மாதிரி வரிசையாக இருக்கும். ஒரு தூசி இல்லை. தரையில் வெயில் சதுரம் சதுரமாக விழுந்து, மெல்ல நகர்ந்து போகும். அதைப் பார்த்துக்கொண்டே நேரம் போவது தெரியாமல் நின்றிருக்கிறேன். பிறகு ஸ்கூட்டி இருக்கையில் படிவத்தை வைத்து "முன்னேற்றம்: திருப்தி" என்று எழுதுவேன். ஒருநாள் அப்படி எழுதும்போது எங்கள் கிராம அலுவலர், ஊரார் இன்னும் விதானையார் என்றே கூப்பிடுகிற மனிதர், என் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொன்னார்:

"கவலைப்படாதை தங்கச்சி, திறந்தாத்தானே பழுதாகும், பூட்டிக் கிடந்தா எப்பவும் புதிசுதான்."

லொறி இனி நிற்காது

ஒரு திங்கட்கிழமை ஜசிந்தா அக்கா கந்தோருக்கு வந்து, காலை முழுதும் வாங்கில் இருந்தார். கையில் ஒரு கடதாசி. நண்டு வாங்குகிற கம்பனி அனுப்பியது. மணலில் வைத்துத் தரம் பிரித்த நண்டை அடுத்த மாதத்திலிருந்து எடுக்க மாட்டார்களாம். கூரை வேண்டும், கழுவுகிற தரை வேண்டும், குழாய்த் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் லொறி இந்த ஊரில் நிற்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடும். அக்காவுக்கு மனிசன் இல்லை. மகள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துக் கம்பஸில் படிக்கிறாள். லொறி நிற்காவிட்டால் அந்தப் படிப்பு நின்றுபோகும். அக்கா இதையெல்லாம் அழாமல் சொன்னார்.

"உங்கடை திறப்பைத் தாங்கோ, நாங்கள் கழுவித் துடைச்சு வைப்பம்" என்றார். நான் முறையைச் சொன்னேன். தையலுக்குக் கட்டிய கட்டடத்தை வேறு வேலைக்கு விட, நாங்கள் மாவட்டத்துக்கு எழுத வேண்டும், மாவட்டம் மாகாணத்துக்கு, மாகாணம் கொழும்புக்கு. பதில் வர ஒரு வருசமாவது ஆகும். அக்கா எழுந்து, சீலையை உதறிவிட்டு, என்னைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"உங்கடை கடிதம் ஐஸ் இல்லாமலே வருசக்கணக்காக் கிடக்கும், மிஸ், எங்கடை நண்டு மத்தியானத்துக்கு மேலை கிடவாது."

கண்ணாடி

அன்று பின்னேரம் கம்பனிக் கடதாசியை எங்கள் பிரதம இலிகிதர் பத்மநாதன் அண்ணையின் மேசையில் வைத்தேன். ஓய்வுபெற ஒரு வருசமே இருந்த மனிதர். சட்டதிட்டம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். அனுமதி இல்லாமல் திறந்தால் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், இடமாற்றமும் வரலாம் என்று ஒழுங்காகச் சொன்னார். பிறகு கடதாசியை வாசித்துக்கொண்டு போனவர், கடைசி வரியில் நின்றார். வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் ஏப்ரனும் தலைக்குத் துணித் தொப்பியும் போட வேண்டும் என்று அதில் இருந்தது.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஏப்ரனை யாராவது தைக்கத்தானே வேண்டும்! இரண்டு மெசின் ஒரு மூலையில் ஓடட்டும். மற்றவை சுவரோரம் இருக்கட்டும். நடுத் தரை சும்மாதானே கிடக்கிறது. நான் லாச்சியைத் திறந்து திறப்பை எடுத்தேன். அண்ணை மூக்கில் கண்ணாடி இருக்கும்போதே யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"நான் ஒண்டும் காணேல்லைப் பிள்ளை, கண்ணாடியை வீட்டை விட்டிட்டு வந்திட்டன்."

ஈரத் தரை

முதல் நாள் நான் விடியவே போய்விட்டேன். வெள்ளைத் தரையில் நண்டுகளைக் கொட்டினார்கள். அவற்றின் நீலத்தை நான் அதுவரை கிட்டத்தில் கண்டதில்லை. தண்ணீர் ஓடி, யன்னல் வெளிச்சம் அதில் விழுந்து, நீரேரியே உள்ளே வந்துவிட்டது போலிருந்தது. மூலையில் இரண்டு மெசின்கள் ஓடத் தொடங்கின. மழைச் சத்தம்! நான் கனவில் கேட்ட சத்தத்தை விடக் கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். அன்று லொறி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போனால் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே கிணற்றடிக்குத் துரத்தினார்.

மூன்று மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி சொல்லாமல் வந்து இறங்கினார். திருகோணமலையில் வேலை பார்த்த காலத்தில் பழகிய தமிழ் அவரிடம் கொஞ்சம் இருந்தது. கையில் தையல் நிலையங்களுக்கான படிவம். வாசலில் நின்று நண்டைப் பார்த்தார், மெசினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறைக்க ஏலாது. பத்து மணிக் கூட்டத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "பிழை என்னுடையது, இந்தப் பெண்களுக்கு ஒன்றும் செய்துவிடாதீர்கள்" என்றேன். ஜசிந்தா அக்கா கையில் ஒரு நண்டோடு அப்படியே நின்றார். அதிகாரி சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்தார். வெறுங்காலோடு தண்ணீரில் நடந்து குழாயடி வரை போய்த் திரும்பினார். படிவத்தில் இரண்டே பெட்டிகள்தான் இருந்தன, "இயங்குகிறது", "இயங்கவில்லை" என்று. முதல் பெட்டியில் சரி போட்டுவிட்டு மெல்லச் சொன்னார்:

"நான் பாத்த எல்லா நிலையத்திலயும் தரை காய்ஞ்சு இருக்கு, மிஸ், இங்க மட்டும்தான் கால் நனைஞ்சது."

சுற்றறிக்கை

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் நல்ல விஷயம் ஒன்று நடந்துவிட்டால் மேலிடம் சும்மா இருக்காது. அந்த அதிகாரி கொழும்பில் எங்கள் நண்டுக் கதையைச் சொல்லியிருக்க வேண்டும், போன மாதம் சுற்றறிக்கை வந்தது. பூட்டிக் கிடக்கும் தையல் நிலையங்கள் அனைத்தையும் நண்டு தரம் பிரிக்கும் நிலையங்களாக மாற்ற வேண்டுமாம். முன்னனுபவம் உள்ளவள் என்பதால் என்னையும் வேறு பிரிவுகளுக்கு அனுப்புகிறார்கள். பட்டியலில் முதல் பெயர் என் சொந்த ஊர். சுற்றிவர வெங்காயத் தோட்டம். நிலையம் இருப்பது பிள்ளையார் கோவில் மதிலோடு. முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு துக்கமாக வந்தது. கரைக்குப் போய்க் கண்ணால் பார்த்துச் செய்த ஒன்று, திரும்பவும் பார்க்காமல் எழுதிய படிவமாகப் போய்விட்டதே!

ஜசிந்தா அக்காவிடம் போய்ச் சொன்னேன். மகளுக்குக் கம்பஸில் இது கடைசி வருசம். அக்கா சிரித்துச் சிரித்து, கண்ணை ஏப்ரனால் துடைத்தார். அந்த ஏப்ரன் அங்கேயே தைத்தது. "போய் என்ன செய்யப் போறன் எண்டு தெரியேல்லை அக்கா" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். என்னை முதல் தடவையாக மிஸ் என்று கூப்பிடவில்லை.

"நண்டைப் பற்றிக் கதையாதை பிள்ளை, வெங்காயக்காரரின்ரை கை எத்தினை மணிக்கு ஓயும் எண்டு முதல் கேள், அதுக்குப் பிறகு கூட்டத்தை வை."

வருகிற கிழமை ஊரில் கூட்டம், பின்னேரம் ஆறரைக்கு, தோட்டத்துத் தண்ணீர் இறைப்பு முடிந்த பிறகு. ஆக, நாட்டை முன்னேற்றும் கலையில் இத்தனை வருசத்தில் நான் தேறியிருப்பது கூட்டத்துக்கு நேரம் குறிப்பதில் மட்டும்தான்.