அம்மா படித்துவைத்த அரப்பஹோ

தொண்ணூறுகளின் நடுவில், நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சருக்கு நாங்கள் குடிபோன மூன்றாம் வருடம், அம்மா கொலைகளில் மூழ்கிக் கிடந்தாள். வேலைக்குப் போக விசா இடம் தரவில்லை. கார் ஓட்டவும் தெரியாது. நடக்கிற தூரத்தில் இருந்தது நூலகம் ஒன்றுதான். அங்கே ஒரு அலமாரி முழுக்கத் துப்பறியும் நாவல்கள். அந்தக் கதைகளில், வயோமிங் மாநிலத்தில் அரப்பஹோ பழங்குடி மக்களுக்கென்று ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலத்தில் வாரத்துக்கு ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். கொன்றது யார் என்று அம்மா சாம்பார் கொதிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளியில் இருந்தது ஒரே ஒரு தோழி. அவளுடைய அம்மா அரப்பஹோ என்பதையும், அதே வயோமிங்கில் பிறந்து வளர்ந்தவர் என்பதையும் ஒருநாள் பேச்சுவாக்கில் உளறிவிட்டேன். அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏண்டி, இத்தனை நாளா இதைச் சொல்லவே இல்ல? சாட்டர்டே ரெண்டு பேரையும் லஞ்சுக்கு இன்வைட் பண்ணு."

வெள்ளிக்கிழமை எனக்கும் அப்பாவுக்கும் பாடம் நடந்தது. விருந்தாளியின் கண்ணை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது. விரலை நீட்டி எதையும் காட்டக் கூடாது. வந்ததும் வராததுமாகப் பேச்சை ஆரம்பிக்காமல் மௌனமாக உட்கார வேண்டும். கேள்வி மட்டும் கேட்கவே கூடாது.

"அவங்களா சொன்னாத்தான் உண்டு. அதான் அவங்க மரியாதை. பதினோரு புக்லயும் அப்படித்தான் போட்டிருக்கு."

பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சம்பளம் விசாரிக்கிறவள் அம்மா. அப்பா என்னைப் பார்த்தார். எனக்கோ வேறு கவலை. தோழி மிரண்டுபோய் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டால், பள்ளியில் மதியச் சாப்பாட்டுக்கு நான் யார் பக்கத்தில் உட்காருவது?

சனிக்கிழமை வந்தார்கள். தோழியின் அம்மா மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். பூப்போட்ட சட்டை, கையில் அவரே சுட்டுக் கொண்டுவந்த ஆப்பிள் பை. அவர் சோபாவில் உட்கார, எதிரே நாங்கள் மூவரும் கார்பெட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தோம். வீடு அழகாக இருக்கிறது என்றார் அவர். அப்பா கார்பெட்டைப் பார்த்துச் சிரித்தார். பாத்ரூம் எங்கே என்று தோழி கேட்டதற்கு, விரலை நீட்டாமல் அம்மா முகவாயால் காட்ட, அவள் துணி அலமாரிக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

பத்து நிமிடம் தாங்கினார் தோழியின் அம்மா, பாவம். பிறகு எழுந்து, ஏதோ சங்கடமான நேரத்தில் வந்துவிட்டோம் போலிருக்கிறது, இன்னொரு நாள் வருகிறோம் என்றார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்தவர் சாப்பிடாமல் படியிறங்குவதை அம்மாவாலும் தாங்க முடியவில்லை. பதினோரு நாவல்களும் காற்றில் பறந்தன. ஓடிப்போய் வாசலை மறித்தாள். அவர் கண்ணையே உற்றுப் பார்த்து, விரலை நீட்டிச் சாப்பாட்டு மேஜையைக் காட்டினாள்.

"நோ, நோ! யூ ஈட் அண்ட் கோ! ஒய் யூ ஆர் ஸோ தின்? ஹவ் மெனி சிஸ்டர்ஸ் யூ ஹேவ்?"

அப்பா மெல்ல விஷயத்தைச் சொல்லி, புத்தகங்களையும் காட்டினார். தோழியின் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊர்ப் பெரியவர்கள் சிலர் அப்படி இருப்பது உண்மைதானாம். ஆனால் அவரால் ஒரு நிமிடம்கூட வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதாம். இத்தனை கொலை நடந்திருந்தால் கிறிஸ்துமஸுக்கு அவர் ஊரில் ஆளே மிஞ்சியிருக்காதாம். அப்புறம் ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, நாளெல்லாம் கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்துவிட்டு, மகளின் கணக்குப் பாடத்தை நினைத்துக் கவலைப்படுகிற ஒருத்தி இதில் எங்கேயாவது வருகிறாளா என்று கேட்டார். அம்மா பதினோரு புத்தகத்தையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இல்லை என்று, தானே எழுதின மாதிரி வெட்கத்தோடு சொன்னாள்.

அன்று சாயங்காலம் வரை இருவரும் பேசினார்கள். அக்கா தங்கைகள் நான்கு பேர் என்பது தெரிந்தது. சம்பளமும் தெரிந்தது.

மறுவாரம் ஃபோன் அடித்தது. தோழிதான் என்று பாய்ந்து எடுத்தேன். பேசியது அவளுடைய அம்மா; என் அம்மாவைக் கேட்டார். ஒரு மணி நேரம் அம்மா ரிசீவரை விடவே இல்லை. பக்கத்திலேயே நின்று நான் காலை உதைத்துக்கொண்டிருந்தேன். தோழி என்னுடையவள், அம்மாவுக்கு நடுவில் என்ன வேலை என்று அப்படி ஒரு கோபம். அந்த ஊரில் அம்மாவைக் கேட்டு வந்த முதல் ஃபோன் அதுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.