டெலு பெரியம்மாவின் கட்டைவிரல்

டெலு பெரியம்மாவைப் பிடிக்கும் என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. அவள் அப்பாவின் மூத்த மனைவி. காலையில் கம்பு இடிக்க உலக்கையைத் தூக்கும்போதே யாரையாவது திட்டத் தொடங்குவாள். இடித்து முடிக்கும்போது அந்த ஆளின் பரம்பரையே உரலுக்குள் கிடக்கும். அவள் குடத்தில் நான் தவளை விடுவேன். அவள் என் செருப்பை ஆட்டுக்குப் போடுவாள். ஆடு அதைத் தின்னாததற்கும் என்னைத்தான் திட்டுவாள்.

இளையவள் ரக்கியா, என் அம்மா. இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் எதிரெதிர் குடிசையில் இருந்துகொண்டு பகையைப் பயிர்போல வளர்த்தார்கள். மழை பொய்த்தாலும் அது மட்டும் நன்றாக விளைந்தது.

அந்த வருடம் அம்மா மறுபடி கர்ப்பமானாள். வயிற்றுப் பிள்ளைக்காரியின் பால் கைக்குழந்தைக்கு விஷம் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். தம்பி ஹாஷிமுவுக்கு ஒரே நாளில் பால் நின்றது. அறுவடைக்கு இன்னும் நாள் இருந்தது. எங்கள் குதிரிலிருந்து எலிகூடக் கிளம்பிவிட்டது. அப்பா நைஜீரியாவுக்குக் கூலிக்குப் போயிருந்தார். தம்பிக்குக் கிடைத்தது தண்ணீராய்க் கரைத்த கம்பங்கூழ்.

ஆனால் அவன் கன்னம் உப்பியது. கால் குண்டானது. அம்மா அவனை எதிர்க்குடிசைக்குத் தெரிகிற மாதிரி முற்றத்து நடுவில் உட்கார வைத்தாள்.

"கூழு குடிச்சே எப்படிக் கொழுகொழுன்னு இருக்கான் பாருங்கடி. சில பேரு வயிறு எரியட்டும்."

டெலு வந்தாள். குனிந்து அவன் பாதத்தில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள். குழி விழுந்தது. மேலே எழும்பவில்லை.

"இது சதையில்லடி, தண்ணி. காதுல சீழ் வடியுதே, உனக்கு மூக்கு அடைச்சிருக்கா?"

"அவனுக்குக் காய்ச்சலே இல்ல. தொட்டுப் பாரு, குளுகுளுன்னு இருக்கான். கண்ணு வெக்காத!"

டெலு பதிலுக்குத் திட்டவில்லை. தம்பியை முதுகில் துணியால் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிப் பாதையில் நடந்தாள். அம்மா "புள்ளத் திருடி!" என்று அலறினாள். நான் மண்ணாங்கட்டிகளோடு பின்னால் ஓடினேன்.

"எறிடா, நல்லா எறி. அவன் மேல பட்டுச்சு, கைய ஒடிச்சிருவேன்."

அவள் காலுக்குக் குறிவைத்தேன். ஒரு கட்டி தம்பியின் காதோரம் பறந்தது. அவன் அழவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிச்சக் கட்டிகளைக் கீழே போட்டுவிட்டேன்.

நர்ஸ் அவன் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தாள்.

"காதுல சீழ், நெஞ்சுல சளி. இந்நேரம் அனலாக் கொதிக்கணும். காய்ச்சல்ங்கறது உடம்பு போடுற சண்டை. சோறில்லாத உடம்பு எதை வெச்சுச் சண்டை போடும்? கிருமி உள்ள வந்து குடித்தனமே நடத்தினாலும் சும்மா கெடக்கும்."

மருந்து கொடுத்தார்கள்; பாலைக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் புகட்டினார்கள். அம்மா மூச்சிரைக்க வந்து கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தாள்.

"என் புள்ளைக்கு ஏதாவது ஆச்சு, உன்னச் சும்மா விடமாட்டேன்."

"என் பையனும் இப்படித்தான் கொழுகொழுன்னு செத்தான்," என்றாள் டெலு. "நானும் உன்ன மாதிரி முத்தத்துல வெச்சு ஊருக்கே காட்டினேன், கழுதை."

அம்மா தம்பியின் பாதத்தில் தன் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தாள்.

வீக்கம் வடிய வடியத் தம்பி எலும்பானான். அப்புறம் ஒரு மத்தியானம் உடம்பு கொதித்தது. அம்மா கதறிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டாள். டெலு அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு முன்பல் இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"சண்டைக்கு எந்திரிச்சிட்டான்டா!"

"அதுக்காகச் சும்மா விட முடியாது," என்று நர்ஸ் மருந்தை மாற்றினாள். "ஆனா உடம்பு முழிச்சிருச்சு, நெசந்தான்."

காய்ச்சல் இறங்கியதும் வேர்க்கடலையை அரைத்த சத்துப் பசை கொடுக்கச் சொன்னார்கள். டெலு அதைக் கட்டைவிரலில் எடுத்து அவன் வாயில் வைத்தாள். தம்பி நறுக்கென்று கடித்தான்.

"நன்றி கெட்ட நாயே! உங்காத்தா புத்தி அப்படியே வந்திருக்கு!"

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் திட்டிக்கொண்டே இருந்தாள். விரலை மட்டும் வெளியே எடுக்கவில்லை.