பிளக்கைப் பிடுங்கிய ரீச்சர்

வவுனியாவில் நான் கம்பியூட்டர் கடையில் நின்ற காலம். பிள்ளைகளின் கலைவிழா வீடியோவைத் தானே வெட்டி ஒட்டப் பழகவென்று ஒரு முன்பள்ளி ரீச்சர் வந்தா. நெற்றியில் திருநீறு, கமக்கட்டில் கறுப்புக் குடை. நான் மூன்று மென்பொருள்களைக் காட்டினேன். அவா ஒவ்வொன்றிலும் நாலைந்து துண்டுகளை ஒட்டிவிட்டு, குனிந்து கம்பியூட்டரின் பிளக்கைப் பிடுங்கினா.

"ஐயோ ரீச்சர், என்ன செய்யிறியள்?"

"கரண்ட் என்ன, சொல்லிப்போட்டே போகுது, தம்பி?"

திரும்பப் போட்டுப் பார்த்தால், இரண்டில் எல்லாம் அழிந்திருந்தது. மூன்றாவது மட்டும் ஒட்டினதை அப்படியே வைத்திருந்தது. அதைத்தான் கேட்டா.

"அதில ஒரு படம் முடிய அடுத்த படம் இதய வடிவத்தில விரியாது, ரீச்சர்."

"படம் இருந்தால்தானே விரியும்."

அதற்குப் பிறகு கடைக்கு எந்த மென்பொருள் வந்தாலும், நான் முதலில் பிளக்கைப் பிடுங்கித்தான் பார்த்தேன்.