கம்ப்யூட்டர் எண்ணாமல் விட்ட இரண்டு மணி நேரம்

பிற்பகல் ஒன்று நாற்பதுக்கு எல்லாம் தவறத் தொடங்கியது. நிமிடம் வரை சொல்ல முடிவதற்குக் காரணம் இருக்கிறது. அதுவரை என் கைக்கடிகாரமும், ராஜபாளையத்தில் ஒரு வீட்டில் நான் சோதித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரும் ஒரே நேரத்தைக் காட்டின. அதற்குப் பிறகு அவை தனித்தனி வழியில் போய்விட்டன.

இப்போது சர்வீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளிடம், ஒரு விளையாட்டு இந்த கம்ப்யூட்டரில் ஓடுமா என்று கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறார்கள். தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்கு அந்த வசதி கிடையாது. வீட்டுக்குப் போய், ஏற்றி, ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்கப் போன ஒரு நாளைத்தான் எழுதுகிறேன். அன்று மூன்றாம் வகுப்பு படித்த என் மகள் மீனா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவள் வரும் பஸ் பத்து நிமிடம் தாமதித்தால் நான் இன்றும் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன். அவள் கேலி செய்கிறாள். செய்யட்டும்.

1. மச்சினன் விட்ட சவால்

வீட்டுக்காரர் வெங்கட்ராஜா, பேண்டேஜ் துணி நெய்து வெளியூருக்கு அனுப்புகிறவர். ஐம்பது வயது. மதுரைக்கு அப்பால் எதைப் பார்த்தாலும் தன் வீட்டிலும் அது இருக்க வேண்டும் என்று நினைப்பவர்.

"மெட்ராஸ்ல என் மச்சினன் வீட்டுல இந்த வெளையாட்டு வழுக்கிக்கிட்டு ஓடுதாம் தம்பி. ஒங்க டப்பாவுல ஓடாது அத்தான்ங்கான். நாளைக்கு இங்கன வாரான். அவன் முன்னாடி இது மக்கர் பண்ணுச்சுன்னா வருசம் பூரா சொல்லிக் காட்டுவான்."

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் சார். ஆனா மூணரைக்கு நான் கெளம்பணும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்கூல்ல மகளைக் கூப்பிடணும்."

"மூணரைக்கு இன்னும் எம்புட்டோ நேரம் கெடக்கு" என்றார் அவர். மணி பதினொன்று.

மீனாவை வழக்கமாகப் பள்ளியிலிருந்து ராஜபாளையத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் அழைத்து வருவது என் மனைவி. அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஆசிரியை. அன்று ஒரு பயிற்சிக்காக மதுரை போயிருந்தாள். காலையில் பஸ் ஏறும்போது என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள். "நாலு பத்துக்கு மணி அடிப்பாங்க. அடிக்கும்போது நீங்க கேட்டுல நிக்கணும்."

கம்ப்யூட்டர் இருந்த அறைதான் அந்த வீட்டிலேயே ஏசி போட்ட ஒரே அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். தறிக்கூடத்துப் பஞ்சு வராதபடி ஜன்னல் கண்ணாடிகளை இறுகச் சாத்தி, கனத்த நீலத் திரை போட்டிருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் காலையா மாலையா என்று தெரியாது. ஏதோ குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

விளையாட்டு ஒன்பது ஃபிளாப்பிகளில் வந்திருந்தது. அட்டைப்பெட்டி இல்லை. எவ்வளவு ராம் வேண்டும், என்ன பிராசஸர் வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெட்டியில்தான் அச்சிட்டிருக்கும். பெட்டி இல்லாததால் கம்ப்யூட்டரையே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. அது 486 பிராசஸர், 66 மெகாஹெர்ட்ஸ், எட்டு எம்.பி. ராம். கேபினட்டைத் திறக்கும்போது உலோகப் பட்டையுள்ள கடிகாரத்தைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்பது எங்கள் பழக்கம். கழற்றி டூல் பைக்குள் போட்டேன். உள்ளே ராம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, விசிறியில் சுற்றியிருந்த பஞ்சை எடுத்து மூடினேன்.

அதன் பிறகும் விளையாட்டு திறக்கவில்லை. 'போதிய மெமரி இல்லை' என்றது. எட்டு எம்.பி. இருந்தாலும் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரை இயக்கிய டாஸ் தன் முக்கியமான காரியங்களை மெமரியின் முதல் 640 கே இடத்துக்குள்தான் வைத்துக்கொள்ளும். விருந்தாளி வந்தால் மூட்டை முடிச்சைப் பரணில் ஏற்றுவது போல, மவுஸ் டிரைவரையும் மற்றவற்றையும் மேல் மெமரிக்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு முறை மாற்றியதும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட வேண்டும். ஏழெட்டு முறை அப்படிச் செய்தேன். நடுவில் அவர்கள் வீட்டிலேயே சாப்பாடு. கடைசியாக அணைத்துப் போட்டபோது ஒன்று நாற்பது. கடிகாரத்தைப் பைக்குள் எட்டிப் பார்த்தேன். அதுவும் ஒன்று நாற்பது. இனிக் கடிகாரத்தைத் தேட வேண்டாம் என்று நினைத்தேன். டாஸில் நாம் கட்டளை அடிக்கும் வரியிலேயே நேரமும் தெரிகிற மாதிரி நான் அமைத்துக்கொள்வது வழக்கம். விளையாட்டை விட்டு வெளியே வந்தால் நேரம் தானாகத் தெரியும்.

விளையாட்டு திறந்தது.

2. மைனஸ் பட்டன்

திரையின் அடியில் துப்பாக்கி பிடித்த ஒரு கை மட்டும் தெரியும். கைக்குச் சொந்தக்காரன் தெரிய மாட்டான். அவன் நாம்தான். சுவர்களுக்கு நடுவே நடந்து போகிறோம். திரும்பினால் சுவர் திரும்புகிறது. அதற்கு முன் நான் பார்த்த விளையாட்டுகளில் ஒரு பொம்மை ஓடும், நாம் வெளியே இருந்து பார்ப்போம். இதில் வெளியே என்று ஒன்று இல்லை.

முழுத்திரையில் படம் விட்டு விட்டு ஓடியது. மைனஸ் பட்டனை அழுத்தினால் படம் சிறிதாகும், அப்போது வேகம் கூடும். தபால்தலை அளவுக்குச் சுருக்கினால் எண்ணெய் போல ஓடும், ஆனால் எதிரில் வருபவன் கொசு அளவுதான் தெரிவான். எந்த அளவு வரை பெரிதாக்கலாம் என்று கண்டுபிடிப்பதே என் வேலை.

வெங்கட்ராஜா என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"வலப்பக்கம் வாரான் தம்பி, சுடுங்க."

"சுட்டேன் சார்."

"அது கதவு. கதவைச் சுட்டா என்ன செய்யும், தொறக்கணும்ல."

இருபது நிமிடத்தில் விடை கிடைத்துவிட்டது. முழுத்திரைக்கு இரண்டு படி குறைவாக வைத்தால் தடையில்லாமல் ஓடும். அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உள்ளே பார்த்து, அவர்கள் வீட்டுப் பேச்சான தெலுங்கில் காபி கேட்டார்.

"நான் செத்த நேரம் தறிப் பக்கம் போயிட்டு வாரேன். நீங்க நல்லா ஓட்டிப் பாருங்க. அவன் வந்து நிக்கும்போது நடுவுல நின்னுறக் கூடாது."

இங்கே ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். நின்றுவிடுமா என்று பார்ப்பது நியாயமான சோதனைதான். அரை மணி நேரம் போதும். அதற்குப் பிறகு நான் பார்த்தது சோதனை அல்ல.

ஒரு நடைவழி முடிந்ததும் பச்சை வெளிச்சத்தில் ஒரு கூடம். கூடத்துக்கு அப்பால் படிக்கட்டு. அதில் இறங்கினால் தண்ணீர். தண்ணீருக்கு மேலே ஒரு ஜன்னல். அந்த ஜன்னலில் தூரத்தில் மலை தெரிந்தது. எட்டிப் போக முடியாத மலை. சாம்பல் நிறக் கட்டங்களால் செய்தது. நான் சுடுவதை விட்டுவிட்டு அதன் முன்னால் நின்றேன். ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. முப்பத்தாறு வயதில், இரண்டு வேளை மோட்டார் ஓடினால்தான் தண்ணீர் வரும் வீட்டில் குடியிருந்துகொண்டு, யாரும் கூப்பிட முடியாத ஓர் இடத்தில் நிற்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்த மலைக்கு வழி இருக்கும் என்று தோன்றியது. தேடினேன்.

நடுநடுவே விளையாட்டை விட்டு வெளியே வந்து, அமைப்புகளை மாற்றியபடி நேரம் பார்த்தேன். பார்க்காமல் இல்லை. ஒன்று ஐம்பத்தெட்டு. இரண்டு ஐந்து. ஹார்ட் டிஸ்க்கை ஒழுங்குபடுத்தச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தேன். இரண்டு இருபது. இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. திரும்ப உள்ளே போனேன்.

அறைக் கதவு திறந்தது. வெங்கட்ராஜாவின் மனைவி நின்றார்.

"என்ன தம்பி, நாலு மணிக் காபி வச்சு ஆறியே போச்சு. குடிக்கலையா?"

"நாலு மணிக் காபியை ரெண்டரைக்கே குடுக்கீங்களா அக்கா?" என்று சிரித்தபடி விளையாட்டை விட்டு வெளியே வந்து திரையைப் பார்த்தேன். இரண்டு இருபத்திரண்டு.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் திரையை விலக்கினார். வெயில் மஞ்சளாக, சாய்வாக, மேற்கிலிருந்து என் கைமேல் விழுந்தது. பைக்குள் கையைவிட்டுக் கடிகாரத்தை எடுத்தேன். நான்கு இருபது.

3. கடிகாரம் செய்தது என்ன

இதைத் தொழில் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். டாஸ், கம்ப்யூட்டர் திறக்கும்போது ஒருமுறைதான் உள்ளே பாட்டரியில் ஓடும் கடிகாரத்தைப் பார்க்கும். அதன் பிறகு நேரத்தைத் தானே துடிப்புத் துடிப்பாக எண்ணும். அந்தக் காலத்து விளையாட்டுகள் சில, வேகத்துக்காக அந்தத் துடிப்பைத் தாங்களே எடுத்துக்கொண்டு டாஸுக்குக் கொடுக்காமல் விட்டுவிடும். விளையாட்டு ஓடும் வரை டாஸுக்கு நேரமே நடக்காது. வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து எண்ணும். நான் விளையாடிய இரண்டு மணி நேரமும் அந்த கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை உலகத்தில் இல்லை. ஒருமுறை அணைத்துப் போட்டிருந்தால் உண்மை தெரிந்திருக்கும். சோதிக்கும் பொருளிடமே நேரம் கேட்காதீர்கள். இந்தத் தொழிலில் நான் கற்றதில் இது ஒன்றைத்தான் தயக்கமில்லாமல் பிறருக்குச் சொல்வேன்.

அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டு போனில் பள்ளிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மொபெட்டை எடுத்தேன்.

இரண்டு மணி நேரம் அந்தச் சுவர்களுக்கு நடுவே நடந்தவனுக்குச் சாலை சாலையாகத் தெரியவில்லை. புளியமரங்கள் தூரத்தில் சிறிதாக இருந்து, கட்டம் கட்டமாகப் பெரிதாகி, பக்கவாட்டில் வழுக்கிப் போயின. ஹேண்டில்பாரைப் பிடித்த என் இரண்டு கைகளும் திரையின் அடியில் இருப்பவை போலவே இருந்தன. யாருடைய கைகளோ.

4. ஆறே முக்கால் வண்டி

பள்ளியின் பெரிய கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"ஊதாப் பை போட்ட பாப்பாவா? நாலரை வரைக்கும் இந்தக் கல்லுமேலதான் உக்காந்திருந்துச்சு. எங்கப்பா வருவாகன்னுச்சு. நான் பின்வாசலைப் பூட்டிட்டு வாரதுக்குள்ள காணோம். நீங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டீகன்னுல்லா நெனச்சேன்."

பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ராஜபாளையம் பஸ் நிற்கும் இடத்தில் அவள் இல்லை. கொய்யாப்பழம் விற்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"ஒத்தச் சடை போட்ட புள்ளையா? இங்கன நின்ன வத்ராப் வண்டியில ஏறுச்சு. தனியா ஏறுதேன்னு பாத்தேன்."

"பாத்தீங்களா? கேக்கக் கூடாதாம்மா?"

"நான் என்னத்தக் கேக்க. பெத்தவுக முன்னாலயே ஏறியிருப்பாகன்னு நெனச்சேன்."

தினமும் அம்மாவோடு ஏறும் பஸ் நிற்கும் இடத்தில் அன்று வேறு பஸ் நின்றிருக்கிறது. அவள் பலகையைப் படிக்கவில்லை. இடத்தைப் பார்த்து ஏறிவிட்டாள். வத்ராப் என்று சுருக்கிச் சொல்லும் வத்திராயிருப்பு, கூமாப்பட்டி, பிளவக்கல். மலையடிவாரம் வரை போகும் வண்டி. கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

பஸ்கள் வந்து போகும் நேரத்தைக் குறிக்கும் டைம் கீப்பரின் கூண்டுக்கு ஓடினேன். கண்ணாடி போட்ட வயதான மனிதர். நான் சொன்னதை முழுதும் கேட்டார்.

"நான் மொபெட்டுல போயி மறிச்சிருதேன் சார்."

"ஒம்ம மொபெட்டு பஸ்ஸை மறிக்குமாக்கும். கேளும். அது பிளவக்கல் போயிட்டு ஆறே முக்காலுக்கு இங்க வரும். கண்டக்டர் நல்ல மனுசன், புள்ள தனியா இருந்தா எறக்கி விட மாட்டான். நீரு ஒரு ரோட்டுல போவீரு, புள்ள இங்க வந்து முழிக்கும். இங்கனயே இரும்."

"எறங்கியிருந்தா?"

அவர் கூண்டிலிருந்த ஸ்டூலை வெளியே தள்ளினார். "உக்காரும்."

உட்கார்ந்தேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் நடந்தது எதுவும் எனக்கு ஒழுங்கான வரிசையில் நினைவில்லை. வண்டிகள் வந்தன, போயின. கண்ணை மூடினால் நடைவழி ஓடியது, பச்சைக் கூடம் வந்தது. அதில் சுவரைத் திருப்பித் திருப்பி அவளைத் தேடினேன். கண்ணைத் திறந்தால் மேற்கே நிஜ மலை, நீலமாக, மெல்ல இருண்டுகொண்டு. அதன் அடியில் எங்கோ எட்டு வயதுக் குழந்தை. வத்திராயிருப்பில் இறங்கியிருப்பாளா? யாராவது கையைப் பிடித்திருப்பார்களா? அவளுக்கு வீட்டு விலாசம் தெரியும், அதைச் சொல்லிக் கொடுத்திருந்தேன். தப்பான பஸ்ஸில் ஏறினால் என்ன செய்வது என்று சொல்லிக் கொடுத்ததில்லை. அவள் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தேன். கடைசிவரை அதை முடிக்க முடியவில்லை.

ஆறே முக்காலுக்கு வண்டி வரவில்லை. டைம் கீப்பர் எழுந்து நின்று சாலையைப் பார்த்தார். "கிருஷ்ணன்கோவில்ல கூட்டம் ஏறும். கொஞ்சம் பிந்தும்" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது விளக்குப் போட்ட ஒரு பஸ் உள்ளே திரும்பியது. முன் கண்ணாடியில் வெள்ளைத் தூசி. ஆட்கள் இறங்கினார்கள். கூடைகள் இறங்கின. எல்லோரும் இறங்கிய பிறகு, தோளில் ஊதாப் பையை மாட்டிக்கொண்டு கண்டக்டர் இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு மீனா, தூக்கக் கலக்கத்தோடு, ஒவ்வொரு படியாக.

நான் ஸ்டூலிலிருந்து எழுவதற்குள் அவளே வந்து என் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

கண்டக்டர் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"வத்ராப்புல பாத்தேன், தூங்கிக்கிட்டு இருந்துச்சு. எழுப்பிக் கேட்டா அழல. எங்கப்பா கம்ப்யூட்டர் வேலை பாக்காக, பாதியில எந்திரிச்சா எல்லாம் அழிஞ்சு போயிரும், அதான் வரலன்னுச்சு. போகும்போதும் அதான் சொல்லுச்சு, வரும்போதும் அதான் சொல்லுச்சு. ஒம்மளை ஒரு வார்த்தை கொறை சொல்ல விடல." டிக்கெட் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். "அப்படி என்ன வேலைய்யா அது?"